எட்டாம் நம்பர் சீட்டுக்குச் சொன்ன வழி

முதல் தடவை சென்னைக்குப் போகிறவர்களுக்கு நான் சொல்கிற முதல் புத்தி, பல்லாவரத்து மலையை நம்பாதீர்கள் என்பதுதான். விடிகிற நேரத்தில் பஸ் தாம்பரத்தைத் தாண்டியதும் ஜன்னலில் ஒரு மலை தெரியும். எங்கள் பள்ளத்தாக்கு ஆட்களுக்கு மலையைக் கண்டால் ஊர்ப்பக்கம்தான் இருக்கிறோம் என்று ஒரு நிம்மதி வந்துவிடும். கடல் இருக்கிற ஊரில் மலை ஏது, இன்னும் தூரம் கிடக்கிறது என்று மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வார்கள். முழிக்கும்போது கிண்டி போயிருக்கும், சைதாப்பேட்டை போயிருக்கும், எழும்பூரில் கண்டக்டர் முதுகைத் தட்டி எழுப்பிக்கொண்டிருப்பார்.

இரண்டாவது, பீச் ஸ்டேஷன் என்று பெயரைப் பார்த்துக் கடலைத் தேடிக்கொண்டு அங்கே போய் இறங்காதீர்கள். அங்கே லாரியும் கம்பிவேலியும்தான் இருக்கும். மியூசியத்துக்கு வெள்ளிக்கிழமை போகாதீர்கள். வண்டலூருக்குச் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், மிருகங்களுக்கு அன்றைக்கு லீவு. லைட் ஹவுஸ் மேலே ஏற விடமாட்டார்கள், கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

இதையெல்லாம் நான் உத்தமபாளையத்தில், கம்பம் ரோட்டில், ஒரு ஆம்னி பஸ் புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்து மூன்று வருடம் சொன்னேன். ஆயிரம் பேருக்காவது சொல்லியிருப்பேன். அந்த மூன்று வருடத்தில் ஒரு நாள்கூட நான் சென்னையைப் பார்த்தது கிடையாது. அதற்கு முன்பும் கிடையாது.

ஆபீஸ் என் மாமாவுடையது, அதாவது என் அம்மாவின் தம்பியுடையது. ஒரு பக்கம் உரக்கடை, இன்னொரு பக்கம் டீக்கடை. நடுவில் ஒற்றை ஷட்டர் அகலத்தில் ஒரு அறை. ஒரு மேஜை, ஒரு போன், சீட் நம்பர் போட்ட சார்ட், வருகிறவர்கள் உட்கார இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மாதா படம். பி.காம் முடித்துவிட்டு ராயப்பன்பட்டியில் வீட்டில் சும்மா இருந்த என்னை, கல்யாணம் ஆகிறவரைக்கும் இங்கே வந்து உட்காரட்டும் என்று மாமா 1998இல் கூப்பிட்டுக்கொண்டார். காலையில் ஒன்பது மணிக்கு டவுன் பஸ்ஸில் வந்து ஷட்டரைத் தூக்குவேன். சாயங்காலம் ஆறே முக்காலுக்குக் கம்பத்திலிருந்து பஸ் வரும். அது வாசலை அடைத்துக்கொண்டு நின்றால் அறை இருட்டாகிவிடும். ஆட்களை ஏற்றி விட்டு, சார்ட்டைக் கண்டக்டர் கையில் கொடுத்து, பஸ் கிளம்பியதும் திரும்பவும் எதிர்த்த வரிசைக் கடைகள் தெரியும். ஷட்டரை இறக்கிவிட்டு நான் என் டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். ஒரு தடவையாவது நானும் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறேன்.

“ஒனக்கு அங்கன என்ன வேலை? கல்யாணம் முடியட்டும். கூட்டிட்டுப் போறவன் கூட்டிட்டுப் போவான்” என்பார் அம்மா.

எங்களுக்குக் கிழக்கே ஒரு மலை, மேற்கே ஒரு மலை. கிழக்கு மலை பெரிது என்பதால் சூரியன் எங்களுக்குச் சாவகாசமாகத்தான் வரும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் எனக்கு வந்த வரன்களும் இருந்தன. சின்னமனூரில் ஒருவர், கோம்பையில் ஒருவர், கம்பத்தில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த ஒருவர். நல்லவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். எனக்குத்தான் யாரை நினைத்தாலும் குண்டுச்சட்டிக்குள் குதிரை ஓட்டுகிற மாதிரி இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு குறை சொல்லித் தட்டிக்கழித்தேன்.

சென்னை எனக்குத் தெரிய வந்தது திரும்பி வந்தவர்கள் வாயால். போகிறவர்கள் எப்படியும் என்னிடம்தான் கேட்பார்கள். பஸ் டிக்கெட் கொடுக்கிற பிள்ளைக்கு ஊர் தெரியாமல் இருக்குமா என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் திரும்பி வருகிறவர்களைப் பிடித்து வைத்துக் கேட்டேன். எங்கே இறங்கினீர்கள், இறங்கியதும் எதிரில் என்ன இருந்தது, எத்தனை நிமிஷம் நடந்தீர்கள். கேட்டதை ஒரு நோட்டில் எழுதினேன். இரண்டு பேர் சொன்னது ஒத்துப்போனால்தான் மூன்றாவது ஆளுக்குச் சொல்வேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் ஊரில் யாரும் இடது வலது சொல்லி வழி சொல்வதில்லை. மேற்கால போ, வடக்கால திரும்பு, கிழக்க பார்த்த வீடு, இப்படித்தான். மலை இருக்கிறதே, கண்ணை மூடிக்கொண்டு திசை சொல்லலாம். அதே ஆட்கள் சென்னையில் போய் இறங்கினால் சுற்றிலும் கட்டடம். திசை கெட்டுப்போய், எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்வார்கள். தியாகராய நகரில் சேலை எடுக்கப் போனவர் மேற்கால நடந்தேன் என்பார். கூடப் போன அவர் சம்சாரம் இல்லவே இல்லை, கிழக்கால என்பார். என் ஆபீஸிலேயே சண்டை நடக்கும். சென்னைப் பக்கமே போகாத நான் நடுவில் தீர்ப்பு சொல்வேன்.

கடைசியில் ஒரு உபாயம் கண்டுபிடித்தேன். “எறங்கும்போது வெயில் எந்தப் பக்கம் அடிச்சுச்சு, மொகத்துலயா முதுகுலயா?” என்று கேட்க ஆரம்பித்தேன். காலை வெயிலை மட்டும் யாரும் மறப்பதில்லை. அதை வைத்து எல்லாத் திசைகளையும் சரிசெய்தேன். போகிறவர்களுக்கும் அப்படியே சொன்னேன். காலையில் மூஞ்சியில் வெயில் அடிக்கிற பக்கமாகப் போனால் கடல் வரும். சாயங்காலம் என்றால் முதுகில் அடிக்க வேண்டும். இதைக் கேட்டுப் போன ஒருவரும் கடலைப் பார்க்காமல் திரும்பியதில்லை. எனக்கு அதில் பெருமைதான். அதை மறைக்க விரும்பவில்லை.

நான் சென்னை போயிருக்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை. டீக்கடைக்காரர் என்னை “மெட்ராஸ்காரம்மா” என்று கிண்டலாகக் கூப்பிடுவார். மாமா மட்டும், “போகாத ஊருக்கு வழி சொல்றவ எங்கக்கா மகதான்” என்று சிரிப்பார். அவருக்கு என்ன, டிக்கெட் போனால் சரி.

மூன்றாவது வருடம் தேவாரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு அப்பா இல்லை. அம்மாவும் ஒரு மகனும்தான். கொஞ்சம் கடலைக்காடும் தென்னையும். பையன் கிண்டியில் ஒரு கம்பெனியில் மிஷின் ஆபரேட்டர், சைதாப்பேட்டையில் ரூம். எங்கள் சபைதான், எங்கள் ஆட்கள்தான். தரகர் போட்டோ கொண்டுவந்து கொடுத்தார். முகம் சாதாரண முகம். நான் முகத்தைப் பார்க்கவே இல்லை என்பதுதான் உண்மை. சைதாப்பேட்டை என்ற சொல்லைத்தான் பார்த்தேன். கிண்டிக்கு அடுத்த ஸ்டேஷன். அங்கிருந்து பெசன்ட் நகர் மாதா கோயிலுக்கு ஒரே பஸ். கோயிலுக்குப் பின்னாலேயே கடல். நோட்டில் பன்னிரண்டு பேர் சொன்னது இருந்தது.

அந்த ராத்திரி சாப்பிடும்போது அம்மாவிடம், “இதுன்னா எனக்குச் சம்மதம்” என்றேன். அம்மா ஆச்சரியப்பட்டார். அதற்கு முன் எதற்கும் நான் அப்படிச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, பெண் பார்க்க வந்தார்கள். பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. அவன் அம்மாவும், அந்த அம்மாவின் நாத்தனாரும் வந்தார்கள். பையனின் அம்மா ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். நான் கொடுத்த காபியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோது அந்த நாத்தனார் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “ஏத்தா, நீ பஸ் ஆபீஸ் பிள்ளைல்ல?” என்றார். போன வருடம் மகள் பிரசவத்துக்குச் சென்னை போனபோது என்னிடம் வழி கேட்டுப் போனவராம். “இந்தப் பிள்ளை மெட்ராஸக் கரைச்சுக் குடிச்சிருக்கு மதினி. ஒரு சந்து பாக்கியில்ல. இது சொன்ன மாதிரியே எல்லாம் இருந்துச்சு” என்று புகழ்ந்து தள்ளினார்.

அந்த அம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார். நான் சந்தோஷமாக நின்றுகொண்டிருந்தேன். மடச்சி.

நான்கு நாள் கழித்துத் தரகர் வந்தார். பொண்ணைப் பிடித்திருக்கிறது, குடும்பத்தைப் பிடித்திருக்கிறது, ஆனால் ஒரு சந்தேகம் என்றார். வயசுப்பிள்ளை மெட்ராஸில் அத்தனை இடத்தையும் எப்போது பார்த்தது, யாரோடு போய்ப் பார்த்தது, எத்தனை நாள் தங்கியது. தனியாகச் சுற்றின பிள்ளையா?

அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது. ஊரைப் பார்க்க விடவில்லையே என்று மூன்று வருடமாகக் குமைந்துகொண்டிருந்தவளைப் பார்த்து, ஊர் சுற்றியவள் என்கிறார்கள். மாமா அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு தேவாரம் போனார். “வேளாங்கண்ணியத் தவிர அவ வேற ஊர் பார்த்ததில்ல, மாதா மேல சத்தியம்” என்று சொல்லியிருக்கிறார். எல்லாம் பாசஞ்சர் சொன்னதைக் கேட்டு எழுதி வைத்துச் சொல்வது என்று விளக்கியிருக்கிறார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பார்க்காதத எப்படி அவ்வளவு தெளிவாச் சொல்ல முடியும்ணே?” என்று மட்டும் கேட்டாராம். அடுத்த வாரம் மகனைப் பார்க்கச் சென்னை போகிறேன், அவனிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வந்து முடிவு சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டார்.

போவது என்றால் எங்கள் பஸ்ஸில்தான் போக வேண்டும். டிக்கெட் என்னிடம்தான் எடுக்க வேண்டும். இது எங்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

மாமா சொன்னார், “இங்க பாரு, அந்தம்மா வந்து எதக் கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லு. அம்புட்டுத்தான். தெரியாதுங்கிறதுதான நெசம்? நெசத்தச் சொல்ல என்ன கேடு?”

அம்மா தன் பங்குக்கு, “நுணலும் தன் வாயால கெடும். வாயத் தெறந்த, இந்த ஆபீஸ்லயே ஒன் காலம் முடிஞ்சிரும்” என்றார். அம்மா பயமுறுத்துவதற்காகச் சொன்னார். எனக்கு அது அப்படியே கண்ணில் தெரிந்தது. இதே மேஜை, இதே போன், சாயங்காலம் வந்து வாசலை மறைக்கிற இதே பஸ், முடி நரைத்த நான். ஒரே ஒரு வார்த்தைதான் தேவை. தெரியாது. அதைச் சொன்னால் வெளியே போய்விடலாம். டவுன் பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைச் சொல்லிப் பழகினேன்.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு அந்த அம்மா வந்தார். கையில் ஒரு ஒயர் கூடை, ஒரு துணிப்பை, மகனுக்குத் தேங்காய் கொஞ்சம் சாக்கில். பெண் பக்கத்தில் பெண்ணைத்தான் உட்கார வைக்க வேண்டும் என்பது ஆபீஸ் சட்டம். ஏழாம் நம்பரில் கம்பத்து டீச்சர் ஒருவர் இருந்தார். எட்டாம் நம்பரை எழுதிக் கொடுத்தேன்.

“எங்கன எறங்கணும் தாயி?” என்று கேட்டார்.

“தெரியாதுங்க அத்தை” என்றேன். நன்றாகத்தான் சொன்னேன். குரல் நடுங்கவில்லை.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். சோதிக்கத்தான் கேட்டார் என்றால் அதோடு முடிந்திருக்க வேண்டும். அவர் இடுப்பிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் பிரித்து வைத்துக்கொண்டார். மகன் அனுப்பிய விலாசம், இங்கிலீஷில் இருந்தது. உதட்டை அசைத்துக்கொண்டு அதைப் பார்த்தார். பிறகு மடித்தார், பிறகு மறுபடியும் பிரித்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த உரக்கடைக்காரரிடம் மெதுவாகக் கேட்டார். மகனுக்குக் காலை ஷிப்ட்டாம், அழைக்க வர முடியாதாம், வீட்டுக்காரர் வீட்டில் சாவி இருக்குமாம், ஆட்டோ பிடித்து வந்துவிடு என்று பக்கத்து வீட்டு போனில் சொல்லிவிட்டானாம்.

“இதுக்கு முன்ன தேனி தாண்டி தனியாப் போனதில்லண்ணே. தொணைக்குக் கூப்பிட்டா ஆளுக்கொரு சோலி சொல்றாக” என்றார். கூடையின் காதை அவர் பிடித்திருந்த பிடியில் விரல் வெளுத்திருந்தது.

உரக்கடைக்காரர் நல்ல மனுஷர். ஆனால் உரம் விற்பதைத் தவிர ஒன்றும் தெரியாதவர். “சைதாப்பேட்டையா? அது தாம்பரத்துக்குப் பக்கந்தாம்மா. தாம்பரம் தாம்பரம்னு கத்துவாக, எறங்கிருங்க. யாரக் கேட்டாலும் சொல்லுவாக” என்றார்.

நான் சார்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாம்பரத்தில் இறங்கினால் விடிந்தும் விடியாத நேரம், கூடை, சாக்கு, இங்கிலீஷ் சீட்டு. ஆட்டோக்காரர்கள் சுற்றிக்கொள்வார்கள். ரயில் ஸ்டேஷன் எந்தப் பக்கம் என்று தெரியாமல் அந்தப் பெரிய ரோட்டைக் கடக்கப் பார்ப்பார். போன வருடம் ஓடைப்பட்டிக்காரர் ஒருவர் அப்படித்தான் கால் முறிந்து திரும்பி வந்தார். எனக்கு அது தெரியும். அந்த ஊரில் எங்கே எது இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், அதுதான் என் கஷ்டமே. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திரு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சுவர்க் கடிகாரத்தில் ஆறு மணி. இன்னும் முக்கால் மணி நேரம் மூடிக்கொண்டிருந்தால் போதும்.

“தாம்பரம்தானண்ணே? தாம்பரம், தாம்பரம்” என்று அந்த அம்மா முணுமுணுத்து மனப்பாடம் செய்தார்.

இரக்கத்தால்தான் பேசினேன் என்று சொன்னால் பாதிப் பொய். பாதி இரக்கம். மறுபாதி, மூன்று வருடம் பாடுபட்டுச் சேர்த்ததை உரக்கடைக்காரர் என் கண் முன்னாலேயே தப்பாகச் சொல்கிறாரே என்ற ஆத்திரம். என் ஆபீஸிலிருந்து ஏறிய ஆள் தப்பான இடத்தில் இறங்குவதா?

“தாம்பரத்துல எறங்காதீக அத்தை” என்றேன்.

அவர் திரும்பினார். அதற்குப் பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. தாம்பரம் தாண்டி ஒரு மலை தெரியும், அதைப் பார்த்து இன்னும் தூரம் இருக்கிறது என்று தூங்கிவிடாதீர்கள், அந்த மலையைக் கண்டதுமே கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சைதாப்பேட்டையில் பஸ் நிற்காது, கிண்டியில்தான் இறங்க வேண்டும், கண்டக்டரிடம் இப்போதே நானும் சொல்லி விடுகிறேன். இறங்கியதும் ஆட்டோ வேண்டாம். ரயில் ஸ்டேஷன் எங்கே என்று பூ விற்கிற பொம்பளைகளைக் கேளுங்கள், ஆம்பளைகளைக் கேட்காதீர்கள், தெரியாவிட்டாலும் கையைக் காட்டுவார்கள். பீச் போகிற வண்டியில் ஏற வேண்டும். பொம்பளைப் பெட்டி தனியாக இருக்கும். அடுத்த ஸ்டேஷன்தான், உட்காரவே வேண்டாம், கம்பியைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். விலாசத்தை வாங்கித் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தெருவில் ஒரு மாவு மில் இருக்கும், அதையும் எழுதினேன்.

அதோடு விட்டேனா? பெசன்ட் நகர் மாதா கோயிலைச் சொன்னேன். சைதாப்பேட்டையில் எங்கே பஸ் நிற்கும், கடைசி ஸ்டாப் வரைக்கும் உட்கார்ந்திருக்க வேண்டும், இறங்கியதும் காலை வெயில் முகத்தில் அடிக்கிற பக்கமாக நடந்தால் கடல். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், மணலில் நடக்கச் சிரமமாக இருக்கும். சனிக்கிழமை போனால் நவநாள் ஜெபத்துக்குக் கூட்டம், திங்கட்கிழமை காலை நல்லது. மியூசியம் வெள்ளிக்கிழமை கிடையாது. அவர் ஒவ்வொன்றுக்கும் “சரி தாயி, சரி தாயி” என்றார். விரல் மடக்கி எண்ணிக்கொண்டார். உரக்கடைக்காரர் எழுந்து போய்விட்டார்.

பஸ் வந்தது. அறை இருட்டானது. நானே சாக்கைத் தூக்கிக் கண்டக்டரிடம் கொடுத்து, “எட்டாம் நம்பர், கிண்டி, எழுப்பி விடணும்” என்று இரண்டு தடவை சொன்னேன். அந்த அம்மா படியில் ஏறும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார். பஸ் போனது. அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது.

வீட்டில் சொல்லவில்லை. மாமாவுக்கு உரக்கடைக்காரர் சொல்லிவிட்டார். மாமா திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது. அடுத்த ஆறு நாளும் நான் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவர் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருந்தால் நான் தொலைந்தேன். வழி தவறியிருந்தால் நான் பிழைத்தேன், பார், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை என்றாகிவிடும். அதற்காக அவர் வழி தவற வேண்டும் என்று வேண்டிக்கொள்ள முடியுமா? மாதா படத்துக்கு முன் உட்கார்ந்து எதை வேண்டுவது என்று தெரியாமல் வெறுமனே உட்கார்ந்திருந்தேன். போன் அடிக்கும்போதெல்லாம் தூக்கிவாரிப் போட்டது.

அடுத்த வியாழக்கிழமை காலை நான் வந்தபோது ஷட்டருக்கு வெளியே, டீக்கடை பெஞ்சில், அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். சென்னை பஸ் ஆறு மணிக்கே வந்துவிடும். தேவாரத்துக்கு அதற்குப் பிறகு நான்கு பஸ்ஸாவது போயிருக்கும். எதிலும் ஏறாமல் எனக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார்.

உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். முகம் வெயிலில் கறுத்திருந்தது. கூடையிலிருந்து ஒரு சின்ன ஜெபமாலையை எடுத்து மேஜையில் வைத்தார். பெசன்ட் நகர் கோயிலில் வாங்கியதாம்.

“நீ சொன்னது ஒண்ணுகூடத் தப்பல ஆத்தா. மலையப் பார்த்ததும் கூடைய எடுத்து மடியில வச்சேன். பூக்காரிதான் ஸ்டேசனக் காட்டுனா. மாவு மில்லு இருந்துச்சு” என்றார். சிரித்தார். அவர் பல்லை அன்றைக்குத்தான் பார்த்தேன். “மகன் எங்கயும் கூட்டிட்டுப் போகல. காலைல ரூமப் பூட்டிக்க சொல்லிட்டுப் போயிருவான். வெளிய போகாத, இது ஊர் மாதிரி இல்லம்பான். ஒரு நாள் இருந்தேன். அந்த ரூம்ல ஒரு சன்னல், அதத் தெறந்தா அடுத்த வீட்டுச் செவரு. மறுநாள் நீ சொன்ன பஸ்ஸுல ஏறிட்டேன். வெயில் மொகத்துல அடிச்சுச்சு, நடந்தேன், கடல். ரொம்ப நேரம் நின்னேன். அதுக்கடுத்த நாளும் போனேன். மியூசியமும் போனேன், நீ சொன்னேல்ல, வெள்ளிக்கெழம கெடையாதுன்னு. ஒரு நாளும் அவனுக்குத் தெரியாது. அவன் வாரதுக்குள்ள வந்து சோறாக்கி வச்சிருவேன்.”

நான் எழுதி வைத்த சென்னையை ஒருவர் இத்தனை சந்தோஷமாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னதே இல்லை. எல்லாம் நல்லபடியாக முடிந்துவிடும் என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஜெபமாலையை என் பக்கம் நகர்த்தினார்.

“ஒன்ன எனக்குப் பிடிச்சிருக்கு. அதான் தரகர்ட்டச் சொல்லி விடாம நானே வந்தேன். இது வேணாம் ஆத்தா. நாலு வார்த்த கேட்டுட்டுப் போன நானே, இந்த வயசுல, பெத்த மகனுக்குத் தெரியாம மூணு நாள் சுத்திட்டு வந்திருக்கேன். அம்புட்டும் தெரிஞ்ச நீ அந்த ரூம்ல எப்படி இருப்ப? அவன் பூட்டிக்கன்னு சொல்லுவான். நீ இருக்க மாட்ட. தெனம் சண்டதான். அவனுக்கு ஒண்ணும் தெரியாத பிள்ளதான் சரி.”

அவர் சொன்னது சரிதான். நான் இருக்க மாட்டேன். இங்கே இந்த அறை, அங்கே அந்த அறை. நடுவில் இருக்கிற ஊர் எனக்கு மனப்பாடம். அழுகை வந்தது. அவர் முன்னால் அழக்கூடாது என்று சார்ட்டை எடுத்து அன்றைய தேதியை எழுதினேன்.

“கோவிச்சுக்கிராத” என்றார். பிறகு குனிந்து, டீக்கடைக்குக் கேட்காமல், “ஒங்க மாமா மாதா மேல சத்தியம் பண்ணுனாக. நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன். நெசத்தச் சொல்லு, எத்தன தடவ போயிருக்க?” என்றார்.

ஒரு தடவையும் இல்லை என்பதை அவரிடம் மூன்றாவது முறையாகச் சொல்லலாம். மாமா சொல்லியாகிவிட்டது, நானே தெரியாது என்று சொல்லியாகிவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தனக்கு ஒரு கூட்டாளி வேண்டும் என்கிற மாதிரி இருந்தது அந்தப் பார்வை. கடலைப் பார்த்துவிட்டு வந்து அதை ஒருவரிடமும் சொல்ல முடியாத பொம்பளை அவர்.

“ரெண்டு தடவ” என்றேன்.

“அதான பார்த்தேன்” என்றார். அவர் முகத்தில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு, தேவாரம் பஸ் இப்போது எங்கே நிற்கும் என்று கேட்டார். அதையும் சொன்னேன்.